ஊராட்சி நிலத்துக்கு யோசனை சொல்லக் கல்லூரி வரும்: உன்னத் பாரத் அபியானைக் கேட்டுப் பெறுவது எப்படி?

குப்பை பிரிக்கும் கொட்டகைக்கு எந்த இடம் சரி? சுடுகாட்டுப் பாதையை எந்தப் பக்கமாகக் கொண்டுபோவது? ஊருணியைச் சுற்றிக் கிடக்கும் புறம்போக்கில் வாரச்சந்தை வைக்கலாமா? மேலூர், உசிலம்பட்டிப் பக்க ஊராட்சிகளில் இப்படிப்பட்ட கேள்விகள் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடக்கும். கட்டணம் கொடுத்து நகரமைப்பு வல்லுநரையோ ஆர்க்கிடெக்டையோ கூட்டிவர ஊராட்சியிடம் பணம் இருக்காது. சின்ன அறக்கட்டளைகளுக்கும் இதே கதைதான்.

இந்த யோசனையைச் செலவில்லாமல் பெற ஒரு வழி உண்டு. அதுதான் உன்னத் பாரத் அபியான். ஒன்றிய அரசின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம், அதாவது இன்றைய கல்வி அமைச்சகம், 2014 நவம்பரில் தொடங்கிய திட்டம் இது. 2018-ல் இரண்டாம் கட்டமாக விரிந்தது. டெல்லி ஐஐடி ஒருங்கிணைக்கிறது. இதில் சேரும் ஒவ்வொரு கல்லூரியும் குறைந்தது 5 கிராமங்களைத் தத்தெடுத்து, வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஊர்மக்களோடு பேசி, கிராம வளர்ச்சித் திட்டம் தயாரிக்க உதவ வேண்டும். கட்டடம் கட்ட இதில் பணம் வராது. வருவது பேராசிரியர்களின் அறிவும் மாணவர்களின் உழைப்பும்தான். கட்டுமானச் செலவுக்கு நிதிக்குழு மானியம் போன்ற வேறு வழிகளைத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் இதைத் தனியார் அமைப்பே செய்கிறது. 1936-ல் தொடங்கிய அர்பன் லேண்ட் இன்ஸ்டிட்யூட், 1947 முதல் வல்லுநர் குழுக்களை ஊர்களுக்கு அனுப்புகிறது. குழுவில் வருபவர்கள் தங்கள் உழைப்புக்குச் சம்பளம் வாங்குவதில்லை. இடத்தை நேரில் பார்த்து, உள்ளூர் ஆட்களிடம் விசாரித்து, பரிந்துரை கொடுப்பார்கள். அங்கே அழைக்கும் நகராட்சியோ தொண்டு நிறுவனமோ தன் கேள்வியை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். நாமும் பிடித்துக்கொள்ள வேண்டிய பழக்கம் இது. "எங்கள் ஊரை முன்னேற்றித் தாருங்கள்" என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. "இந்த சர்வே எண்ணில் உள்ள 60 சென்ட்டில் சந்தையும் வண்டி நிறுத்தமும் சேர்ந்து அமையுமா, மழைத்தண்ணீர் எங்கே போகும்?" என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

ஆனால் கேள்வி எழுதும் முன்பே நிலத்தின் வகைப்பாட்டைப் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் வீணாகின்றன என்பது என் எண்ணம். நிலம் எந்த வகை, யார் பெயரில் என்று சொல்லும் 'அ' பதிவேடும், நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் புலப்படமும் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் கிடைக்கின்றன. மேய்ச்சல் நிலம், களம், மயானம், வண்டிப்பாதை, தோப்பு போன்ற புறம்போக்குகள் என்றால், அவற்றின் பயன்பாட்டை முறைப்படுத்தும் பொறுப்பை 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சிக்குத் தந்திருக்கிறது. கண்மாய், வாய்க்கால் என்று பதிவாகியிருந்தால் அதில் கட்டடம் பற்றிய பேச்சே வேண்டாம். தண்ணீர் பல ஆண்டுகளாக வராமல் இருந்தாலும் அது கண்மாய்தான். பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற 2011-ல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் கண்டிப்பாக உத்தரவிட்டது. தமிழகத்தில் ஏரிகளைப் பாதுகாக்க 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. தல்லாகுளம் கண்மாயையும் உலகனேரிக் கண்மாயையும் கட்டடங்களுக்குப் பறிகொடுத்த ஊர் மதுரை. இன்னொரு நீர்நிலையை இழக்க நமக்கு இடமில்லை.

அறக்கட்டளைகள் தங்கள் சொந்தப் பட்டா நஞ்சையில் முதியோர் இல்லம் கட்ட நினைத்தாலும் நேராகக் கட்ட முடியாது. திட்டப் பகுதிக்கு (நகரமைப்புத் திட்டத்துக்காக அரசு அறிவித்த பகுதி) வெளியே உள்ள விவசாய நிலம் என்றால் 2017-ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகளின்படி அனுமதி வாங்க வேண்டும். திட்டப் பகுதிக்குள் என்றால் நகர் ஊரமைப்புத் துறையிடம் போக வேண்டும். கல்லூரிக் குழு வரைபடமும் காரணங்களும் தயாரித்துத் தரலாம். அனுமதி தரும் அதிகாரம் அதற்குக் கிடையாது. அதேபோல மாணவர்கள் அளந்த அளவு எல்லைத் தகராறில் செல்லாது. அதற்கு அரசு நில அளவர்தான் வர வேண்டும்.

சரி, யாரிடம் போவது? கேள்விக்கு ஏற்ற துறை உள்ள கல்லூரியைத் தேடுங்கள். கட்டடம், வடிகால் என்றால் சிவில், ஆர்க்கிடெக்சர் துறைகள். மண், பயிர், மேய்ச்சல் என்றால் வேளாண் கல்லூரி. அங்கே உன்னத் பாரத் அபியான் ஒருங்கிணைப்பாளர் யார் என்று விசாரித்து, ஊராட்சியின் பெயரில் கடிதம் கொடுங்கள். தொண்டு நிறுவனம் தனியாகப் போவதைவிட ஊராட்சியோடு சேர்ந்து போவது நல்லது, ஏனென்றால் இந்தத் திட்டம் கிராமத்தைத்தான் தத்தெடுக்கிறது. கடிதத்தோடு 'அ' பதிவேட்டு நகல், புலப்படம், நாலைந்து புகைப்படங்கள், கிராம சபைத் தீர்மானம் ஆகியவற்றை இணைத்துவிடுங்கள்.

கிராம சபை ஆண்டுக்கு 6 நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மே 1 கூட்டத்தில் தீர்மானம் போட்டுக் கடிதத்தைக் கொடுத்துவிட்டால், கல்லூரி திறந்ததும் மாணவர்களின் புராஜெக்ட் வேலையாக அதைச் சேர்த்துக்கொள்ளப் பேராசிரியருக்கு அவகாசம் இருக்கும். அறிக்கை வந்ததும் அதையும் அடுத்த கிராம சபையில் படித்துக் காட்டிப் பதிவு செய்யுங்கள். வட்டார வளர்ச்சி அலுவலரிடம் நிதி கேட்கும்போது அந்தத் தீர்மான நகலும் மனுவோடு போக வேண்டும்.