வெயில் கோடு விழாத நீச்சலுடை எப்படி வேலை செய்கிறது?

கடற்கரையில் ஒரு மணி நேரம் வெயிலில் படுத்து எழுந்தவர் உடலில் அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துக் கண்ணாடி முன் நின்றால் தோளில் ஸ்ட்ராப்பின் தடம், முதுகில் கொக்கியின் தடம், இடுப்பில் எலாஸ்டிக்கின் தடம் என்று நீச்சலுடை அப்படியே தோலில் பதிந்திருக்கும். இந்த வெயில் கோட்டைத் தவிர்ப்பதற்கென்றே தனியாக நீச்சலுடைகள் வருகின்றன. ஸ்ட்ராப் இல்லாதவை, ஸ்ட்ராப்பைக் கழற்றி இடம் மாற்றக்கூடியவை, துணி வழியாகவே வெயிலை உள்ளே விடுபவை என்று பல வகை. கடைசி வகையில்தான் இயற்பியலும் வேதியியலும் நிறைய இருக்கின்றன. அதற்குப் போகும் முன் கோடு எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடலாம்.

சூரியனின் புற ஊதாக் கதிர்களில் தரைக்கு வந்து சேர்பவை இரண்டு வகை. 315 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்டவை யுவிஏ. 280 முதல் 315 வரை யுவிபி. அதற்கும் குறைவான அலைநீளங்களை ஓசோன் படலமும் காற்றும் மேலேயே தடுத்துவிடுகின்றன. யுவிஏ பட்டதும் தோலில் ஏற்கெனவே இருக்கும் மெலனின் என்ற நிறமி கருக்கும். அந்தக் கருமையில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் மங்கிவிடும். நாள்கணக்கில் நிற்கும் கருமை பெரும்பாலும் யுவிபியின் வேலை. அது தோல் செல்லின் டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது. சேதத்தை உணர்ந்ததும் செல்லுக்குள் பி53 என்ற புரதம் செயல்படத் தொடங்கி, ஒரு ஹார்மோன் வழியாகப் பக்கத்து மெலனோசைட்டுக்குச் செய்தி அனுப்பவைக்கிறது. மெலனோசைட் புதிதாக மெலனின் தயாரித்து, தன் நீண்ட கிளைகள் வழியே சுற்றியிருக்கும் முப்பது நாற்பது செல்களுக்குக் கொடுக்கிறது. அங்கே அது உட்கருவின் மேல்பக்கத்தை மூடி நிற்கிறது. இவ்வளவும் நடக்க இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஆக, வெயில் கருமை என்பது சேதம் நடந்த பிறகு தோல் எடுக்கும் தற்காப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பின்னால் வரும் கணக்கு இதன் மேல்தான் நிற்கிறது.

கோடு தெரிய வேண்டுமானால், அடுத்தடுத்த இரண்டு இடங்களில் புற ஊதா வெவ்வேறு அளவில் பட்டிருக்க வேண்டும். அந்த வேறுபாடு திடீரென்று நிகழவும் வேண்டும். நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மாறினால் நம் கண் அதைப் பெரும்பாலும் கவனிக்காது. முன்கையும் மேல்கையும் பலருக்கு வேறு வேறு நிறத்தில்தான் இருக்கும். இடையில் கூர்மையான எல்லை இல்லாததால் யாரும் பொருட்படுத்துவதில்லை. எல்லை கூர்மையாக இருந்தாலோ கண் அதை இன்னும் தூக்கிக் காட்டுகிறது. விழித்திரையில் பக்கத்துப் பக்கத்து நரம்புச் செல்கள் ஒன்றையொன்று அடக்குவதால், விளிம்பின் வெளிர்ப்பக்கம் கூடுதல் வெளிராகவும் இருண்ட பக்கம் கூடுதல் இருளாகவும் தெரியும். எர்ன்ஸ்ட் மாக் என்ற இயற்பியலாளர் 1865-இலேயே இதுபோன்ற ஒரு விளைவை விவரித்தார்.

சரி, நீச்சலுடையின் எல்லை மட்டும் ஏன் இவ்வளவு கூர்மை? துணி தோலோடு ஒட்டியிருப்பதுதான் காரணம். வானத்தில் சூரியன் சுமார் அரை டிகிரி அகலம் கொண்ட வட்டு. ஆகவே ஒரு பொருள் தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அதன் நிழல் விளிம்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான் மங்கும். இதை மட்டும் வைத்துப் பார்த்தால் தளர்வான சட்டையும் கூர்மையான கோடு போட வேண்டும். அப்படி நடப்பதில்லை. புற ஊதா சூரியனிலிருந்து நேராக மட்டும் வருவதில்லை, வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. அலைநீளம் பாதியானால் காற்று மூலக்கூறுகள் அதை 16 மடங்கு அதிகமாகச் சிதறடிக்கும். 600 நானோமீட்டர் ஆரஞ்சு ஒளியையும் 300 நானோமீட்டர் யுவிபியையும் ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் புரியும். தெளிந்த வானத்திலும் நம் மேல் படும் யுவிபியில் ஏறக்குறைய பாதி இப்படிச் சிதறி வந்தது. பெரிய குடையின் நிழலில் உட்கார்ந்தவரும் கருத்துப்போவது இதனால்தான். தளர்வான துணியின் விளிம்புக்கு அடியில் இந்தச் சிதறிய கதிர்கள் எல்லாத் திசையிலிருந்தும் நுழைந்து எல்லையை அழித்துவிடுகின்றன. ஒட்டியிருக்கும் ஸ்ட்ராப்புக்கு அடியில் நுழைய இடமே இல்லை.

வடிவத்தை மாற்றிக் கோட்டைக் குறைப்பது பழைய வழி. பாரிஸில் 1946 ஜூலை 5 அன்று லூயி ரெயார் அறிமுகப்படுத்திய பிகினிக்குப் பின்னாலும் இந்த எண்ணம் இருந்ததாகச் சொல்வார்கள்: பெண்கள் வெயில் நன்றாகப் பட வேண்டுமென்று நீச்சலுடையின் ஓரங்களைச் சுருட்டிவிட்டுக்கொள்வதை அவர் கவனித்தாராம். ஸ்ட்ராப் இல்லாமல் மார்பைச் சுற்றி மட்டும் நிற்கும் பாண்டோ வகை தோள்களைக் காப்பாற்றுகிறது. கழற்றி மாட்டும் ஸ்ட்ராப் ஒரு நாள் நேராக, ஒரு நாள் குறுக்காக, ஒரு நாள் கழுத்தைச் சுற்றி என்று இடம் மாறினால், ஒரே இடத்தில் நிழல் விழுந்து சேராமல் பரவிவிடும். ஆனால் இந்த முறைகள் எல்லாம் கோட்டை இடம் மாற்றுகின்றன, சிறிதாக்குகின்றன, இல்லாமல் செய்வதில்லை. மூடிய இடம் மூடியதுதான். அங்கேதான் துணியையே மாற்றும் யோசனை வருகிறது.

எந்தத் துணியும் முழுச் சுவர் கிடையாது. இழைகளுக்கு இடையே துளைகள் உண்டு. துணி எவ்வளவு புற ஊதாவைத் தடுக்கிறது என்பதை யுபிஎஃப் என்ற எண்ணால் சொல்கிறார்கள். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம், உள்ளே போகிறது. இழை துளிக்கூட ஒளியை விடாது என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. துணிப் பரப்பில் 2 சதவீதம் துளையானால் யுபிஎஃப் 50, 20 சதவீதம் துளையானால் 5, பாதி துளையானால் 2. வெயிலை உள்ளே விடும் நீச்சலுடைத் துணியில் மெல்லிய இழைகளால், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் விட்டுப் பின்னுகிறார்கள். அரை மீட்டர் தூரத்திலிருந்து நம் கண்ணால் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய இடைவெளி சுமார் 0.15 மில்லிமீட்டர். துளையின் அகலம் அந்த அளவையொட்டியோ அதைவிடச் சிறிதாகவோ இருந்தால் தனித்தனியாகத் தெரியாமல் துணி ஒரே பரப்பாகத் தோன்றும்.

அப்படியும் துளை வழியே தோலின் நிறம் வெளியே கசியும். அதை மறைக்கத்தான் இந்த வகை உடைகள் பெரும்பாலும் நெருக்கமான, பல நிற அச்சுகளில் வருகின்றன. பூ, இலை, சிறுத்தைப் புள்ளி என்று கண்ணுக்கு ஏகப்பட்ட விளிம்புகள் கிடைத்துவிடுவதால் அடியில் இருக்கும் மெல்லிய நிறவேறுபாட்டை அது பிரித்தெடுப்பதில்லை. விளிம்பைத் தூக்கிக் காட்டும் அதே கண்ணை இங்கே விளிம்புகளாலேயே திசைதிருப்புகிறார்கள். எனக்கு இந்த வடிவமைப்பில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இழையின் வேதியியலும் சேர்ந்துகொள்கிறது. பாலியெஸ்டர் மூலக்கூறில் பென்சீன் வளையங்கள் இருப்பதால் அது யுவிபியை நன்றாக உறிஞ்சும். யுவிஏவை அந்த அளவுக்குப் பிடிக்காது. நைலானில் அந்த வளையம் இல்லை, ஆகவே இரண்டையும் ஓரளவு விட்டுவிடும். மினுமினுப்பைக் குறைக்க இழையில் டைட்டானியம் டை ஆக்சைடு கலப்பது வழக்கம். அது புற ஊதாவைத் தடுக்கும் பொருள், சன்ஸ்கிரீனில் சேர்ப்பதும் அதையேதான். வெயிலை உள்ளே விட நினைப்பவர் அது கலக்காத நைலானைத் தேட வேண்டும். தடுக்க நினைப்பவர் கலந்ததைத் தேட வேண்டும்.

அப்புறம் ஈரம். உலர்ந்த துணியில் ஒளி இழையிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து இழைக்கும் மாறி மாறிப் போகும்போது ஒவ்வொரு எல்லையிலும் சிதறித் திரும்புகிறது. ஒரு பொருளுக்குள் நுழையும்போது ஒளி எவ்வளவு வேகம் குறைகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண்; காற்றுக்கு அது 1, நைலானுக்குச் சுமார் 1.53, தண்ணீருக்கு 1.33. நனைந்ததும் துளைகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிரம்புகிறது. இரு எண்களும் நெருங்கிவிடுவதால் சிதறல் குறைந்து, ஒளி நேராக உள்ளே போகிறது. உலர்ந்திருக்கும்போது ஐந்து, ஆறு என்று யுபிஎஃப் காட்டும் மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை நனைந்தால் ஏறக்குறைய 3-க்கு இறங்குவதும் இதனால்தான். வெள்ளை நீச்சலுடை நனைந்தால் உள்ளே தெரிவதற்கும் இதுவே காரணம்.

இழுப்பும் சும்மா இருப்பதில்லை. டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் 1958-இல் கண்டுபிடித்த ஸ்பாண்டெக்ஸ் இழைதான் இன்றைய நீச்சலுடைகளை உடலோடு ஒட்டவைக்கிறது. 20 சதவீதம் துளை உள்ள துணியை நீளத்திலும் அகலத்திலும் பத்து பத்து சதவீதம் இழுத்தால் பரப்பு 21 சதவீதம் கூடும். இழைகள் மறைக்கும் பரப்பு மாறவில்லை என்று வைத்துக்கொண்டால் துளையின் பங்கு 34 சதவீதமாகும். யுபிஎஃப் 5-லிருந்து 3-க்கு வந்துவிடும். உடலில் எங்கே துணி அதிகம் இழுபடுகிறதோ அங்கே வெயில் அதிகம் இறங்கும். ஒரே உடைக்குள்ளேயே மார்பின் முன்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் வித்தியாசம் வரும். நல்லவேளையாக அந்த மாற்றம் மெல்ல நிகழ்வதால் கோடாகத் தெரியாது.

கோடாகத் தெரிவது தையல்தான். பாதி ஒளியை விடும் துணியை இரண்டாக மடித்தால் கால் பங்குதான் போகும். ஓரத்தை மடித்துத் தைத்து உள்ளே எலாஸ்டிக் வைத்தால் அதுவும் போகாது. உடையின் நடுப்பகுதி முழுக்க வெயிலை விட்டாலும் ஓரங்களில் மட்டும் மெல்லிய வெளிர்ப்பட்டைகள் விழும். அளவிலும் நிறத்திலும் அவை பழைய கோட்டைவிடச் சிறியவை, ஆனால் கூர்மையானவை. ஆகவே இப்படி ஒரு உடை வாங்குபவர் துணியைவிட ஓரத்தை உற்றுப் பார்க்க வேண்டும்: மடிப்பு எவ்வளவு குறுகலாக இருக்கிறது, உள்பட்டி எங்கெல்லாம் இருக்கிறது, லேபிள் எங்கே தைத்திருக்கிறார்கள் என்று. மடிக்காமல் வெட்டி ஒட்டிய ஓரம் இருந்தால் நல்லது.

இப்போது அந்தக் கணக்கு. துணியின் யுபிஎஃப் 3 என்று வையுங்கள். திறந்த தோலுக்கு முழு அளவு, அடியில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டையும் சமமாக்க வேண்டுமென்றால் திறந்த இடத்தில் எஸ்பிஎஃப் (துணிக்கு யுபிஎஃப் போல, சன்ஸ்கிரீனின் காப்பு எண்) 3 உள்ள சன்ஸ்கிரீன் பூச வேண்டும். அவ்வளவு குறைந்த காப்பை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். வழக்கம்போல 30-ஐத் திறந்த இடத்தில் மட்டும் பூசினால் நிலைமை தலைகீழாகிறது. வெளியே முப்பதில் ஒரு பங்கு, துணிக்கு அடியில் மூன்றில் ஒரு பங்கு. மூடிய இடத்துக்குப் பத்து மடங்கு வெயில்! அதிலும் அது வழக்கமாக வெயிலே காணாத தோல்; மெலனின் குறைவு, மேலடுக்கும் வெயிலுக்குத் தடித்திருக்காது. முதலில் எரிந்து சிவப்பது அதுவாகத்தான் இருக்கும். துணி இருக்கிறதே என்ற நம்பிக்கையில் அடியில் பூசாமல் விடுவதுதான் இந்த உடையில் உள்ள பெரிய ஆபத்து.

அடியிலும் 30-ஐயே பூசினால் வெளியே முப்பதில் ஒன்று, உள்ளே தொண்ணூறில் ஒன்று. எதுவும் பூசாதபோது முழு அளவில் மூன்றில் இரண்டு பங்காக இருந்த வேறுபாடு இப்போது சுமார் 2 சதவீதம். கோட்டைச் சிறிதாக்குவதில் துணி செய்யும் வேலையைவிட, உடல் முழுக்கப் பூசிய சன்ஸ்கிரீன் செய்யும் வேலை பல மடங்கு பெரிது. புட்டியில் உள்ள எண் கிடைக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூச வேண்டும்; பெரும்பாலோர் அதில் பாதியோ அதற்கும் குறைவோதான் பூசுகிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்த வெயிலும் குறைந்தால் கருமையும் குறையுமே என்று கேட்கலாம். குறையும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1992-இலேயே சூரியக் கதிர்வீச்சை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. வெயிலில் வந்த கருமை அடுத்த வெயிலுக்குக் காப்பாகும் என்ற நம்பிக்கையும் பெரிதாக உதவாது. அது தரும் காப்பு எஸ்பிஎஃப் மூன்று, நான்கு அளவுதான்.

எல்லா இடமும் ஒரே கருநிறமாக வேண்டும் என்பவர்களுக்கு வெயில் தேவைப்படாத வழி ஒன்று இருக்கிறது. 1950-களில் ஈவா விட்கென்ஸ்டைன் என்ற ஆய்வாளர், குழந்தைகளுக்கு மருந்தாகக் கொடுத்த டைஹைட்ராக்ஸிஅசிட்டோன் என்ற சர்க்கரை தோலில் சிந்திய இடங்களில் பழுப்பு நிறம் ஏறுவதைக் கவனித்தார். துணியில் கறை படியவில்லை. இந்தச் சர்க்கரை தோலின் வெளி அடுக்கில் இருக்கும் இறந்த செல்களின் அமினோ அமிலங்களோடு வினைபுரிகிறது. ரொட்டி அடுப்பில் சிவப்பதும் இதே குடும்பத்து வினையால்தான். மெலனோசைட்டுக்கு இதில் வேலையே இல்லை. அந்த அடுக்கு உதிர உதிர நிறமும் ஒரு வாரத்துக்குள் போய்விடும். வெயிலிலிருந்து இது காப்பாற்றாது, சன்ஸ்கிரீன் தனியாகப் பூச வேண்டும்.

ஏற்கெனவே கோடு விழுந்துவிட்டவர்களுக்கும் இது பயன்படும்: வெளிறிய பட்டையில் மட்டும் மெல்லியதாகப் பூசி, சில மணி நேரம் காத்திருந்து நிறம் பார்த்து, தேவையென்றால் இன்னொரு பூச்சு. தேய்த்துக் கழுவிக் கோட்டைப் போக்க முயல்வது தோலைப் புண்ணாக்கத்தான் உதவும், ஏனென்றால் மெலனின் உள்ளடுக்குச் செல்களில் இருக்கிறது. அந்தச் செல்கள் மேலே ஏறி வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் மீண்டும் அதே உடையில் வெயிலுக்குப் போனால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.