சத்தம் சரியில்லையா? போல்ட்டை இழுக்காதீர்கள்

பிஸ்டல் தோட்டாவைச் சுடும் குட்டை ரைஃபிளான கார்பைன் போட்டியில் ரேஞ்ச் ஆபீசராக, அதாவது பாதுகாப்பைக் கவனிக்கும் நடுவராக, நிற்கும்போது என் கண் சுடுபவரின் கையிலும் துப்பாக்கி முனையிலும் இருக்கும். காது தனியாக வேலை செய்துகொண்டிருக்கும். அன்றும் அப்படித்தான். சீராக வந்துகொண்டிருந்த சத்தத்துக்கு நடுவே, நமத்துப்போன பட்டாசு போல ‘புஸ்’ என்று ஒன்று கேட்டது.

சுடுபவர் கைதேர்ந்தவர். துப்பாக்கி நின்ற மறுகணமே இடது கை தோட்டாக்கள் அடுக்கிய மேகசினின் அடியில் ஒரு தட்டுத் தட்டியது. அங்கிருந்து நேராக, தோட்டாவை உள்ளே ஏற்றும் போல்ட்டின் கைப்பிடிக்குப் போனது. நான் ‘ஸ்டாப்’ என்று கத்தியபோது கைப்பிடி பாதி தூரம் பின்னால் வந்திருந்தது. விரலை டிரிகரிலிருந்து எடுத்துவிட்டார். ஆனால் முகம் கறுத்துவிட்டது. அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஸ்டேஜ், அதாவது போட்டியின் ஒரு சுற்று. சிறிது நேரம் கழித்து போல்ட்டைக் கழற்றி, பேரல் என்னும் குழலின் முன்முனையில் டார்ச் அடித்து, தோட்டா உட்காரும் சேம்பர் பக்கமிருந்து பார்த்தோம். ஒரே இருட்டு.

இதைத்தான் ஸ்க்விப் என்கிறோம். தோட்டாவின் கூடான கேஸுக்குள் வெடிமருந்துப் பவுடர் இல்லாமலோ போதாமலோ போனால், அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர் வெடித்த வேகத்தில், முனையில் இருக்கும் குண்டு பேரலுக்குள் நுழையும். வெளியே போகிற அளவுக்குத் தெம்பு இருக்காது. நடுவழியில் சிக்கி நின்றுவிடும். அதன் பின்னால் முழு பவுடர் உள்ள தோட்டா வெடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 9 மி.மீ. தோட்டாவுக்கு அமெரிக்கத் தரவரையறை அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. வழி அடைபட்ட பேரலில் அந்த எல்லைக்கு மதிப்பே இல்லை. அதிர்ஷ்டம் இருந்தால் பேரலில் மோதிரம் போட்டாற்போல ஒரு வீக்கத்தோடு போகும். இல்லாவிட்டால் பேரல் பிளக்கும். கார்பைனில் உங்கள் இடது கை எங்கே இருக்கிறது? அந்தப் பேரலைச் சுற்றித்தான்.

பிஸ்டலிலிருந்து கார்பைனுக்கு வருபவர்களுக்கு ஒரு விஷயத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். பிஸ்டல் பேரல் நான்கு, ஐந்து அங்குலம். கார்பைன் பேரல் பெரும்பாலும் 16 அங்குலம். பவுடர் குறைந்த அதே தோட்டா பிஸ்டலில் எப்படியோ வெளியேறிவிடும்; கார்பைனில் உராய்வைத் தாண்ட முடியாமல் உள்ளேயே நின்றுவிடும். ‘இந்தத் தோட்டாக்கள் என் பிஸ்டலில் ஒரு தடவைகூடத் தகராறு செய்யவில்லை’ என்ற பேச்சு இங்கே செல்லாது.

பவுடரே இல்லாத தோட்டா ஒருவகையில் எச்சரிக்கை கொடுத்துவிடுகிறது. பிரைமரின் பலத்தில் கார்பைனின் கனமான போல்ட் அசையாது, துப்பாக்கி நின்றுவிடும். பாதி பவுடர் உள்ள தோட்டாதான் என்னை அதிகம் பயமுறுத்துவது. குண்டு பேரலின் முன்பாதியில் சிக்கியிருக்க, போல்ட் வழக்கம்போல ஓடி அடுத்த தோட்டாவை ஏற்றிவிடக்கூடும். இரண்டு சுடுகளுக்கு நடுவே 0.2 நொடிகூட விடாதவர் கையில் அது நடந்தால், என் வாயிலிருந்து சொல் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அங்கே எந்த ரேஞ்ச் ஆபீசராலும் காப்பாற்ற முடியாது.

மற்ற நேரங்களில் ஆபத்து நம் பயிற்சியிலேயே இருக்கிறது. தட்டு, இழு, சுடு என்று ஆயிரம் முறை பழகிய கை, மூளையைக் கேட்காது. வெறும் ‘க்ளிக்’ கேட்டால், தோட்டா ஏறவில்லையோ என்று நினைக்க இடமிருக்கிறது. அந்தப் பழக்கம் அதற்கானது. ஏதோ ஒன்று வெடித்து, அது சப்பையாக வெடித்திருந்தால், அதே பழக்கம் சிக்கிய குண்டுக்குப் பின்னால் நல்ல தோட்டாவை ஏற்றிக் கொடுக்கும். காதை மூடியிருப்பதால் சத்தத்தை மட்டும் நம்ப முடியாது. தோளில் உதை குறைந்ததா, கேஸ் வெளிவரும் துவாரத்தில் வழக்கத்துக்கு மாறாகப் புகை வந்ததா, எரியாத பவுடர் மணிகள் சிதறினவா, இலக்கான இரும்புத் தகடு ஒலிக்காமல் போனதா என்று உடம்பு கவனிக்கப் பழக வேண்டும். ஒன்று சந்தேகமாக இருந்தாலும் விரலை எடுத்துவிடுங்கள்.

விதியைப் பற்றியும் மனம் திறந்து பேசவேண்டும். ஐபிஎஸ்சி (சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) விதிகளின்படி, ஸ்க்விப் என்று சந்தேகித்து ரேஞ்ச் ஆபீசர் நிறுத்தி, சோதனையில் பேரல் சுத்தமாக இருந்தால், அந்த ஸ்டேஜை மறுபடி சுட வைப்பார்கள். குண்டு சிக்கியிருந்தால் மறுவாய்ப்பு கிடையாது, சுட்டவரைக்கும்தான் மதிப்பெண். ஆனால் சுடுபவர் தானாக நிறுத்திக்கொண்டால், பேரல் சுத்தமாக இருந்தாலும் மறுவாய்ப்பு இல்லை. இந்தக் கணக்குத் தெரிந்தவர்கள் அந்த அரை நொடியில் தயங்குகிறார்கள்; நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சந்தேகம் வந்தவுடன் நானே முந்திக்கொண்டு நிறுத்துகிறேன். சில தடவை என் காது தவறியிருக்கிறது. ‘மன்னிக்கவும், மறுபடி சுடுங்கள்’ என்று சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. சக ரேஞ்ச் ஆபீசர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: தயங்காதீர்கள்.

நிறுத்தியபின் அவசரமே கூடாது. முனை இலக்குத் திசையிலேயே இருக்கட்டும். பவுடர் தாமதமாகப் பற்றிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு என்பதால், முழுதாக 30 நொடி அப்படியே நில்லுங்கள். பிறகு மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னால் பூட்டி, சேம்பரில் இருப்பதை எடுத்துவிட்டுக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். துப்பாக்கி காலி என்று காட்டும் கொடியைச் சேம்பரில் செருகியவுடன் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். குட்டைக் கொடி சொல்வது சேம்பர் காலி என்பதை மட்டுமே. பேரலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பேரலின் முழு நீளத்துக்கும் போகிற கொடியாக இருந்தால், அடைப்பு அங்கேயே தெரிந்துவிடும்.

சிக்கிய குண்டை எடுக்க, போட்டியை விட்டு விலகிப் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். போல்ட்டையும் கேஸையும் அகற்றிய பிறகே குண்டைத் தட்டி வெளியேற்றும் கம்பியைத் தொட வேண்டும். சேம்பரில் உயிருள்ள தோட்டா இருக்கும்போது முன்முனையிலிருந்து தட்டுவது தற்கொலைக்குச் சமம். பேரல் துளைக்கு ஒட்டினாற்போல் உள்ள பித்தளைக் கம்பி நல்லது. மரக்குச்சி பிளந்து ஆப்பு அடித்ததுபோல் ஆகிவிடும். குண்டு சேம்பருக்கு அருகில் இருந்தால், கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவைத்து, வந்த வழியே பின்னால் தட்டி எடுங்கள். இன்னொரு குண்டைச் சுட்டு வெளியே தள்ளலாம் என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். குண்டு வந்ததும், இறுக்கமான துணியைக் கம்பியில் சுற்றி முழு நீளமும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் திடீரென்று பிடி தளர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத வீக்கம் அங்கே இருக்கிறது. அந்தப் பேரலில் மேற்கொண்டு சுடக்கூடாது.

அன்று சிக்கிய தோட்டா வீட்டில், பிரஸ் எனும் தோட்டா தயாரிக்கும் கருவியில் தயாரித்தது. 9 மி.மீ. தோட்டாவில் பவுடர் சுமார் நான்கு கிரெயின், அதாவது 0.26 கிராம்தான். ஒரு கேஸுக்கும் இன்னொரு கேஸுக்கும் எடை வித்தியாசமே சில கிரெயின் வரும். ஆகவே தயாரான தோட்டாவைத் தராசில் போட்டுக் காலியைக் கண்டுபிடிக்க முடியாது. குண்டு வைக்கும் முன் ஒவ்வொரு கேஸுக்குள்ளும் கண்ணால் பார்ப்பதுதான் வழி. அதற்காகவே பிரஸ்ஸுக்கு மேலே ஒரு சின்ன விளக்கைப் பொருத்திவிடுங்கள்.

அவரிடம் அன்று மீதமிருந்த தோட்டாக்களைத் தனி டப்பாவில் போட்டு, ‘சுடாதே’ என்று எழுதி ஒட்டினோம். மறுநாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குண்டைப் பிடுங்கினார். இன்னும் இரண்டு கேஸ்கள் காலி. தயாரிக்கும்போது நடுவில் ஒரு போன் வந்ததும், எழுந்து போய்த் திரும்பி வந்து விட்ட இடத்தை யோசிக்காமல் பிரஸ் கைப்பிடியை இழுத்ததும் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.