முறுக்கு ஏறும் இடம்

கொஞ்சம் பஞ்சை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் சத்தமில்லாமல் பிரிந்து வந்துவிடும். அதையே முறுக்கிவிட்டு இழுத்துப் பாருங்கள், விரல்தான் வலிக்கும். பசை எதுவும் சேர்க்கவில்லை. பிறகு இந்தப் பலம் எங்கிருந்து வந்தது?

பருத்தி இழை ஒவ்வொன்றும் விதையின் தோலிலிருந்து நீண்டு வளர்ந்த ஒரே ஒரு செல். காய் வெடித்து உலரும்போது அந்தக் குழாய் சப்பையாகி, அங்கங்கே புரி விழுந்த நாடாவாகிவிடும். நீளம் பெரும்பாலும் 2 முதல் 3 செ.மீ., அவ்வளவுதான். ஒரு முழுப் புடவையும் இந்தத் துண்டுகளால் ஆனது! முறுக்கிய நூலை இழுத்தால் வெளியே சுற்றியிருக்கும் இழைகள் உள்ளே இருப்பவற்றை நெருக்கும். நெருக்கம் கூடினால் உராய்வும் கூடும், அதனால் இழைகள் நழுவ முடியாது. அதற்காக முறுக்கிக்கொண்டே போகவும் கூடாது. இழைகள் அளவுக்கு மீறிச் சாய்ந்துவிட்டால் இழுவிசையைத் தாங்க முடியாமல் நூல் பலவீனமாகிவிடும்.

முறுக்கைத் தரும் மிகப் பழைய கருவி தக்களி. ஒரு குச்சி, அடியில் ஒரு வட்டு. கீழடி அகழாய்வில் கிடைத்த பொருள்களில் சுடுமண் தக்களிகளும் உண்டு. ஒருமுறை சுண்டிவிட்டால் வட்டின் எடைதான் சுழற்சியை நின்றுவிடாமல் வைத்திருக்கிறது.

ராட்டையில் அந்தக் குச்சி படுத்துக்கொள்கிறது, பெயர் கதிர். பெரிய சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் சின்னக் கதிர் பல சுற்று சுற்றும். நூலைக் கதிரின் முனைப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் அது சுற்றிக்கொள்ளாது. ஒவ்வொரு சுழற்சிக்கும் முனையிலிருந்து நழுவி விழும், விழும்போதெல்லாம் ஒரு முறுக்கு ஏறும். கையைப் பக்கவாட்டில் கொண்டுவந்து செங்குத்தாகப் பிடித்தால் அதே நூல் கதிரில் சுற்றிக்கொள்ளும். கோணத்தை மாற்றினால் வேலையும் மாறிவிடுகிறது. யாருக்கு இது முதலில் தோன்றியதோ!

ஆனால் என்னைக் கேட்டால், நூற்பின் உண்மையான சூட்சுமம் வேறு இடத்தில் இருக்கிறது. முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்தைத் தேடித்தான் ஓடும். திடமான கம்பியில் தடிமன் பாதியானால் முறுக்கை எதிர்க்கும் விறைப்பு 16-இல் ஒரு பங்காகிவிடும். நூலில் கணக்கு அவ்வளவு துல்லியமாக வராது, போக்கு மட்டும் அதேதான். மெலிந்த இடம் முதலில் இறுகிப் பூட்டிக்கொள்கிறது. தடித்த இடத்தில் முறுக்கு குறைவு, இழைகள் இன்னும் நழுவும். இந்த நேரத்தில் கையைப் பின்னால் இழுத்தால் தடித்த இடம் மட்டும் நீண்டு மெலியும். நூல் தன்னைத் தானே சமன் செய்துகொள்கிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் பஞ்சை இறுக்கிப் பிடித்து இந்த ஓட்டத்தைத் தடுத்துவிடுவார்கள். அப்புறம் ஓரிடம் திரி மாதிரி, அடுத்த இடம் முடி மாதிரி வரும்.

தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருவாக்கிய அம்பர் சர்க்கா என்ற ராட்டையில் இழுக்கும் வேலையை விரல்களிடமிருந்து உருளைகள் வாங்கிக்கொண்டன. உற்பத்தி பெருகியது. ஆனால் உருளைகளுக்கு நடுவே பஞ்சு நீளும்போது அதில் முறுக்கு இருப்பதில்லை. மெலிந்த இடத்தைப் பூட்டவும் ஆளில்லை. அதனால் நூல் சீராக வர வேண்டுமானால், உருளைக்குள் போகும் பஞ்சுப் பட்டையையே முன்கூட்டிச் சீராக்கிக் கொடுத்தாக வேண்டும்.