பேஸ்மேக்கர்: இதயமுடுக்கியா, துடிப்புச் சீராக்கியா?

"கரண்ட் வெச்சா இந்த மிஷின் நின்னு போயிருமா கண்ணு?"

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்குகிற பேருந்தில், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டியிருக்க மாட்டோம், பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இடது காறை எலும்புக்குக் கீழே அவருக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது. அதே பக்கம் மார்பில் கட்டியை எடுத்திருக்கிறார்கள், இனி ரேடியோதெரபி. அதற்கு எங்கள் ஊர்ப் பேச்சில் 'கரண்ட் வைக்கிறது' என்று பெயர். பேஸ்மேக்கர் வைத்த நாளிலிருந்து செல்போனைக்கூட நெஞ்சுப் பக்கம் கொண்டுபோகாதவரிடம் 'கரண்ட்' என்றால் பயப்படாமல் என்ன செய்வார்?

சரி, சொல்லிலிருந்தே வருவோம். பேஸ் என்பது லத்தீனில் 'காலடி' என்று பொருள்படும் பாஸுஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. பந்தயத்தில் முன்னால் போய் மற்றவர்களுக்கு வேகத்தை வகுத்துக் கொடுப்பவரைத்தான் ஆங்கிலத்தில் முதலில் பேஸ்மேக்கர் என்றார்கள் (நம்முடைய 'முன்னோடி'யும் முன்னால் ஓடுகிறவர்தானே). 1907-இல் கீத், ஃபிளாக் என்ற இருவர் இதயத்தின் மேலறையில் ஒரு சிறு திசுமுடிச்சைக் கண்டுபிடித்தார்கள். துடிப்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது என்று தெரிந்ததும் இந்தப் பெயர் அதற்குப் போனது, அப்புறம் அதன் வேலையைச் செய்யும் கருவிக்கும் வந்தது. 1958 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்குத்தான் முதன்முதலில் அதை உடலுக்குள் வைத்தார்கள். அவர் 2001 வரை இருந்தார், கடைசியில் இறந்தது இதயத்தால் அல்ல, தோல் புற்றுநோயால்.

தமிழில் செய்திகளிலும் இணையத்திலும் இதற்கு 'இதயமுடுக்கி' என்றே எழுதுகிறோம். எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. மாட்டை முடுக்குவோம், வேலையை முடுக்கிவிடுவோம், இரண்டிலும் வேகம் கூட்டுவதுதான் பொருள். பேஸ்மேக்கர் அப்படி விரட்டுவதில்லை. இதயம் தானாகத் துடிக்கும்போது கவனித்துக்கொண்டு சும்மா இருக்கும், துடிப்பு தவறினால் மட்டும் ஒரு தட்டு தட்டும். சில கருவிகள் நாம் மேடேறும்போது அசைவை உணர்ந்து துடிப்பைக் கூட்டிக் கொடுக்கும் என்பது உண்மைதான், அதுவும் மருத்துவர் வைத்த வரம்புக்குள்தான். அதனால் 'துடிப்புச் சீராக்கி' என்பதே பொருந்துகிற சொல் என்பேன்.

முடுக்கி என்ற சொல்லுக்கு உரிய இயந்திரம் வேறு இருக்கிறது, பெரியம்மா படுக்கப்போவது அதன் கீழேதான்! லீனியர் ஆக்சிலரேட்டர், தமிழில் நேர்கோட்டு முடுக்கி. அது எலக்ட்ரான்களை ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் முடுக்கி ஒரு உலோகத் தகட்டில் மோதவிடும், அங்கிருந்து கிளம்பும் வலுவான எக்ஸ் கதிர்தான் சிகிச்சை. உடம்புக்குள் கரண்ட் எதுவும் பாய்வதில்லை, 'கதிர்வீச்சு சிகிச்சை' என்ற பெயரே சரி.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். இன்றைய பேஸ்மேக்கருக்குள் இருப்பது நுண்சில்லு, கதிர் நேராகப் பட்டால் அது கெடலாம். மார்புக்கு 15 தவணைகளில் மொத்தம் 40 கிரே (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு) கொடுப்பது இன்று வழக்கமான கணக்கு, ஆனால் பேஸ்மேக்கருக்கு மொத்தமே 2 கிரேயைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 1994-இலேயே சொல்லிவிட்டது. 2019-இல் வந்த அவர்களுடைய புது அறிக்கை 5 கிரேக்கு மேல் போவதை அதிக ஆபத்தான நிலையில் வைக்கிறது. இன்னொன்று, 10 மெகாவோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றலுள்ள கதிரில் நியூட்ரான்கள் கிளம்பும், அவை கருவியின் நினைவகத்தைக் குழப்பி அமைப்புகளை மாற்றிவிடலாம். அதனால் குறைந்த ஆற்றலில், கருவி கதிரின் பாதைக்கு வெளியே இருக்கும்படி திட்டமிடுவார்கள், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கருவியைச் சோதிப்பார்கள். துடிப்பு தாறுமாறானால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐ.சி.டி. என்ற கருவி வைத்தவர்களுக்கு, கதிர் ஓடும் நேரத்தில் அந்த வேலையை நிறுத்தி வைப்பதும் உண்டு.

இதெல்லாம் கருவி இருப்பது அவர்களுக்குத் தெரிந்தால்தான் நடக்கும். எந்தக் கம்பெனி, எந்த மாடல், என்று வைத்தது எல்லாம் பேஸ்மேக்கர் கார்டில் இருக்கும். பெரியம்மா அதை ரேஷன் கார்டோடு சேர்த்து, மஞ்சள் கறை பிடித்த பிளாஸ்டிக் உறையில், சுருக்குப்பைக்குள் வைத்திருந்தார். மருத்துவமனையில் நீங்கள் துடிப்புச் சீராக்கி என்று சொல்லி யாரையும் குழப்ப வேண்டாம், பேஸ்மேக்கர் என்றே சொல்லி முதல் நாளே கார்டை நீட்டுங்கள். அதோடு, அது இல்லாமல் இதயம் தானாகத் துடிக்குமா என்று இதய மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிப் போங்கள்.

திட்டமிடும் ஸ்கேன் முடிந்ததும் அங்கிருந்த இயற்பியலாளர் திரையைத் திருப்பி, கதிர் போகும் இடத்தையும் கருவி இருக்கும் இடத்தையும் விரலால் தொட்டுக் காட்டினார். நடுவில் இருந்த இடைவெளியைப் பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "சரி கண்ணு, நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்னு கேளு" என்றார்.