நுழையும், ஆனால் பேசாது

குளச்சலில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு மணி ஏழு இருக்கும். செருப்பைக் கழற்றுவதற்குள் மருமகன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, ஃபேன் எல்லாம் ஓடுது. லைட்டும் எரியுது. டிஸ்ப்ளே மட்டும் வரல்ல."

பிளஸ் டூ முடித்த கையோடு, நாலு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அவன் வாங்கிச் சேர்த்த பாகங்கள். புராசஸர் நாகர்கோவிலில் வாங்கியது. மதர்போர்டு தெரிந்தவர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக எடுத்தது. கிராஃபிக்ஸ் கார்டு ஆன்லைனில் வந்தது. கேபினெட்டும் அதோடு சேர்ந்த, எல்லாப் பாகங்களுக்கும் கரண்டு கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் மார்த்தாண்டத்தில். எதுவும் உடைந்ததில்லை, கெட்டுப்போனதில்லை. ஆனாலும் சேர்த்து மாட்டினால் கம்ப்யூட்டர் ஆகவில்லை. மச்சான் கடலுக்குப் போய்ச் சம்பாதித்த பணம் அதில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதனால் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

கேமிங் கம்ப்யூட்டருக்குப் பாகம் தேர்ந்தெடுப்பவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி, "இது அதில் சேருமா?" என்பதுதான். அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. பாகம் அதன் இடத்தில் நுழையுமா? நுழைந்தபின் பக்கத்துப் பாகத்தோடு பேசுமா? எல்லாம் சேர்ந்து முழு வேகத்தில் ஓடும்போது கரண்டையும் சூட்டையும் தாங்குமா? பெரும்பாலும் முதல் கேள்வியோடு விசாரணை முடிந்துவிடுகிறது. பணம் வீணாவது மற்ற இரண்டில்.

நுழைவது எளிதான விஷயம், சீக்கிரம் சொல்லிவிடலாம். புராசஸர் உட்காரும் சாக்கெட்டுக்கு ஒரு பெயர் உண்டு. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் 1331 துளைகள், புராசஸரின் அடியில் அதே அளவு பின்கள். 2022-ல் வந்த ஏஎம்5-ல் பின்கள் சாக்கெட்டுக்கு மாறிவிட்டன, எண்ணிக்கையும் 1718 ஆனது. இன்டெலில் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ1700. 2024-ல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851. பெயர் மாறினால் நுழையாது. தற்காலிக நினைவகமான ராமிலும் அப்படித்தான். டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு தலைமுறை ராமுக்கும் 288 தொடுமுனைகள்தான், நீளமும் ஒன்றுதான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு கொஞ்சம் தள்ளியிருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது இறங்காது. இறங்காதபோது அழுத்தாதீர்கள், அந்த வெட்டு தடுப்பதற்காகவே வைத்தது. எல்ஜிஏ1700 போர்டுகளில் மட்டும் டிடிஆர்4-க்கு ஒன்று, டிடிஆர்5-க்கு ஒன்று என இரண்டு வகையும் உண்டு என்பதால், போர்டின் முழுப் பெயரைப் படித்துவிட்டு ராம் வாங்க வேண்டும்.

மருமகனிடம் இருந்தது ரைசன் 5 5600 புராசஸர், பி450 போர்டு. இரண்டும் ஏஎம்4. அழகாக உட்கார்ந்திருந்தது. பக்கக் கதவைக் கழற்றிப் பார்த்தேன். போர்டின் ஓரத்தில் கடுகளவில் நாலு விளக்குகள்: புராசஸர், ராம், கிராஃபிக்ஸ், பூட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. முதல் விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. ஃபேன் ஓடுவதற்கும் லைட் எரிவதற்கும் 12 வோல்ட் போதும். கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டது என்பதற்கு அது அடையாளமே இல்லை.

சுவிட்சைத் தட்டியதும் நடப்பது இதுதான். எஸ்எம்பிஎஸ் தன் வோல்டேஜ்கள் நிலைப்பட்டதும், சரி தொடங்கலாம் என்று போர்டுக்கு ஒரு சிக்னல் கொடுக்கும். உடனே புராசஸர், போர்டில் உள்ள எட்டுக்கால் சிப் ஒன்றிலிருந்து பயாஸ் என்ற தொடக்க மென்பொருளைப் படிக்கத் தொடங்கும். இந்தப் புராசஸர் எந்த வகை, அதை எப்படித் தயார்படுத்துவது, ராமை எப்படி எழுப்புவது என்பதெல்லாம் அந்தச் சிப்பில் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் அடுத்த வேலை ராம். ஒவ்வொரு ராமிலும் ஒரு சின்ன நினைவகச் சிப் இருக்கிறது; தன் கொள்ளளவு, வேகம், வோல்டேஜ் எல்லாவற்றையும் அது சொல்லும். அதைப் படித்து, சோதித்துப் பார்த்து, நேரத்தைச் சரிசெய்துகொண்ட பிறகுதான் கிராஃபிக்ஸ் கார்டின் முறை. திரையில் முதல் எழுத்து தோன்றுவதற்குள் இத்தனை உரையாடல் முடிந்திருக்கும்.

பி450 போர்டுகள் வந்தது 2018-ல். ரைசன் 5 5600 வந்தது 2022-ல். பழைய பயாஸ் உள்ள போர்டுக்கு இந்தப் புராசஸர் யாரென்றே தெரியாது. நுழைகிறது, ஆனால் பேச்சு தொடங்கவில்லை. இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றில் பயாஸ் சிப்பின் கொள்ளளவு 16 எம்பிதான். புதிய புராசஸர்களைச் சேர்க்க இடம் போதாமல், சில போர்டுகளின் புதிய பயாஸில் பழைய புராசஸர்களின் விவரத்தை நீக்கிவிட்டார்கள். ஆகவே சாக்கெட்டின் பெயரை மட்டும் நம்பாமல், போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் போர்டின் பக்கத்துக்குப் போய், புராசஸர் ஆதரவுப் பட்டியலைப் பாருங்கள். எந்தப் புராசஸருக்கு எந்த பயாஸ் எண் வேண்டும் என்று அங்கே இருக்கும். நான் எந்த வீடியோ விமர்சனத்தையும்விட அந்தப் பட்டியலைத்தான் நம்புவேன்.

நல்ல வேளையாக அந்தப் போர்டின் பின்பக்கம் பயாஸ் ஏற்றும் பட்டன் ஒன்று இருந்தது. இது எல்லாப் போர்டிலும் இருக்காது; இல்லாவிட்டால் பழைய புராசஸர் ஒன்றைக் கடன் வாங்கி மாட்டித்தான் பயாஸை மாற்ற முடியும். பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து, தளத்திலிருந்து இறக்கிய கோப்பை அவர்கள் சொன்ன பெயருக்கு மாற்றிப் போட்டு, அதற்கென்று குறித்த யூஎஸ்பி துளையில் செருகினோம். இந்த வேலை நடக்கும்போது கரண்டு போனால் சிப் பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும் என்பதால், பிளக்கை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினோம். பட்டனை அமுக்கியதும் ஒரு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. ஐந்தாறு நிமிடம் யாரும் பேசவில்லை. விளக்கு அணைந்ததும் மறுபடி ஆன் செய்தோம். சிவப்பு விளக்கு முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு, அங்கிருந்து மூன்றாவதுக்கு நகர்ந்தது. திரை வெளுத்தது. மருமகன் என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் ஸ்குரூ டிரைவர் கீழே விழுந்துவிட்டது.

பயாஸுக்குள் போன கையோடு ராமையும் பார்த்தேன். 8 ஜிபி ராம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டிருந்தான். புராசஸருக்கும் ராமுக்கும் நடுவே 64 பிட் அகலத்தில் இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. நாலு ஸ்லாட் உள்ள போர்டில், பெரும்பாலும் புராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நாலாவதிலும் போட்டால் இரண்டு பாதையும் திறக்கும். டிடிஆர்4 3200 ராமுக்கு ஒரு பாதையில் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டிலும் சேர்த்து 51.2 ஜிபி. பைசா செலவில்லாமல் கிடைக்கும் வேகம் இது. அப்புறம் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை ஆன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் 3200 என்று அட்டையில் போட்டிருக்கும் ராம், பல நேரங்களில் 2133 அல்லது 2400-லேயே ஓடிக்கொண்டிருக்கும்.

மானிட்டர் கேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரைசன் 5 5600-க்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. இன்டெலில் பெயரின் கடைசியில் எஃப் என்று வருபவற்றிலும் கிடையாது. அவற்றில் போர்டின் எச்டிஎம்ஐ துளையில் கேபிளைச் செருகினால் எத்தனை நேரம் காத்திருந்தாலும் திரை வராது. கார்டின் துளையில்தான் செருக வேண்டும்.

சரி, எந்தப் புராசஸருக்கு எந்தக் கார்டு? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் ஷீட் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பாலை வடிகட்டி, டிரேயில் ஊற்றி, ஆசிட் சேர்த்து உறைய வைப்பது ஒருவர். உறைந்ததை ரோலரில் விட்டு ஷீட்டாக்குவது இன்னொருவர். ரோலர் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், உறைந்த டிரே வந்தால்தான் ஷீட். டிரேக்கள் குவிந்து கிடந்தாலும் ரோலர் மெதுவானால் ஷீட் இல்லை. விளையாட்டில் எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, எதை எதை வரைய வேண்டும் என்று தீர்மானித்து அனுப்புவது புராசஸர். அதை வண்ணப் புள்ளிகளாக்குவது கிராஃபிக்ஸ் கார்டு. நொடிக்கு 60 படம் வேண்டுமானால் ஒரு படத்துக்கு இருவருக்கும் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை முழுதாகப் பயன்படுத்த நினைத்தால் வெறும் 6.9.

திரையின் புள்ளிகள் கூடினால் ரோலரின், அதாவது கார்டின், வேலை மட்டும்தான் கூடும். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 4கே திரையில் சுமார் 82.9 லட்சம். எதிரி நிற்கும் இடத்தைக் கணக்கிடும் வேலை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் 1080பி திரையில் வேகமான துப்பாக்கிச் சண்டை ஆடுபவருக்குப் புராசஸர் முக்கியம். 4கே திரையில் காட்சியழகுக்காக ஆடுபவர் கார்டில் பணத்தைப் போட வேண்டும். இந்த ஜோடிக்கு இத்தனை சதவீதம் நஷ்டம் என்று ஒரே எண்ணைத் தரும் இணையக் கணிப்பான்களை நம்பிக் கார்டு வாங்காதீர்கள். விளையாட்டையும் திரையையும் சொல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

கார்டும் போர்டும் பேசும் பாதை பிசிஐ எக்ஸ்பிரஸ். அது லேன் எனும் தடங்களாகப் பிரிந்திருக்கும். மூன்றாம் தலைமுறையில் ஒரு லேனுக்கு நொடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி, நாலாம் தலைமுறையில் 2 ஜிபி. ஸ்லாட் 16 லேன் நீளம் இருந்தாலும் கார்டு அத்தனையையும் பயன்படுத்தும் என்று சொல்ல முடியாது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 கார்டு எட்டு லேன். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நாலே லேன். பி450 மூன்றாம் தலைமுறைப் போர்டு என்பதால் நாலு லேன் கார்டு அதில் நன்றாகவே திணறும். மருமகன் எடுத்திருந்தது 6600. அந்தத் தேர்வு எனக்குப் பிடித்திருந்தது.

திரை வந்த சந்தோஷத்தில் ஒரு விளையாட்டைப் போட்டான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டோம், மறுபடி அணைந்தது. மூன்றாவது கேள்வி இப்போது வந்து நின்றது.

எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி ஸ்டிக்கரைப் படிக்கச் சொன்னேன். பெரிய எழுத்தில் 450 வாட். அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம்: 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர். 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர். "பெருக்குடா மக்களே" என்றேன். 12 பெருக்கல் 16, 192 வாட். இன்றைய கம்ப்யூட்டரில் புராசஸரும் கார்டும் உண்பது 12 வோல்ட் பாதையிலிருந்துதான். கார்டுக்கு 132 வாட், புராசஸர் முழு வேகத்தில் 76 வாட். அதுவே 208. ஃபேன், ஹார்ட் டிஸ்க் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. போதாததற்கு, கார்டுக்கான எட்டு பின் கேபிள் அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லாததால் கன்வெர்ட்டர் வயர் ஒன்றைப் போட்டிருந்தான். தொட்டால் சுட்டது. உடனே கழற்றச் சொல்லிவிட்டேன். ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட், எட்டு பின் கேபிள் வழியாக 150 வாட். அந்த 150-ஐ மெல்லிய கன்வெர்ட்டரில் இழுப்பது தீயோடு விளையாடுவது. நல்ல நிறுவனத்தின் 550 வாட் வாங்கினால் இந்தக் கம்ப்யூட்டருக்குத் தாராளம். கார்டு கண நேரத்துக்குத் திடீரென்று கூடுதலாக இழுக்கும்போதும் தாங்கும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை என்றால், ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை இன்னொன்றில் மாட்டக் கூடாது. முனை ஒரே மாதிரி நுழையும். உள்ளே வயர்களின் வரிசை வேறாக இருந்தால் ஹார்ட் டிஸ்க்கோ போர்டோ அந்த நொடியே எரிந்துவிடும்.

கரண்டு அடிக்கடி போகும் வீட்டில் யுபிஎஸ் வேண்டும். 600 விஏ என்றால் 600 வாட் இல்லை, பெரும்பாலும் 360 வாட்தான். வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டுவதானால் அதன் பின்னால் உள்ள சுவிட்சை யுபிஎஸ் நிலையில் வையுங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ் தன் கெபாசிட்டரில் உள்ள மின்சாரத்தை வைத்து ஏறக்குறைய 16 மில்லிசெகண்ட் மூச்சுப் பிடித்திருக்கும்; இன்வெர்ட்டர் அதற்குள் மாறிவிட வேண்டும். எர்த்தும் முக்கியம். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்றால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தப் பிளக்கின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேபினெட் அளவுக்கு டேப் போதும்: கார்டின் நீளம், கூலரின் உயரம், போர்டின் அளவு. இவை மூன்றும் கேபினெட் தயாரித்தவர் சொல்லியிருக்கும் அளவுகளுக்குள் அடங்க வேண்டும்.

எங்கள் கடற்கரைக்கென்று ஒரு பொருத்தம் உண்டு, அதைப் பட்டியல்களில் பார்க்க முடியாது. உப்புக்காற்று. ஜன்னல் கம்பிக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் துரு வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாக நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். போர்டின் மேல் படிந்த உப்புத் தூசியும் அப்படியே. கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு முனைகளுக்கு நடுவே அந்த ஈரம் படர்ந்தால் உலோகம் மெல்ல அரிக்கும், ஒரு நாள் ஷார்ட் ஆகும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: ஓடும் கம்ப்யூட்டரைவிட, அணைத்துப் போட்ட கம்ப்யூட்டருக்குத்தான் ஈரத்தால் ஆபத்து அதிகம். 28 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, கேபினெட்டுக்குள் 38 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 48 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் பெறும் மாவட்டம் இது. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் அணைத்து வைக்காமல் தினமும் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். வெளியே தள்ளும் ஃபேனைவிட உள்ளே இழுக்கும் ஃபேன் ஒன்று கூடுதலாக இருந்து, அதன் முன்னால் வலை ஃபில்டரும் இருந்தால், இடுக்கு வழியாகத் தூசி நுழைவது குறையும்.

புது எஸ்எம்பிஎஸ் வாங்குவதை மறுநாளைக்கு விட்டுவிட்டு, மேற்கே கடலைப் பார்த்த ஜன்னல் பக்கமிருந்து மேசையை உள்சுவருக்கு நகர்த்தினோம். அக்கா அதற்குள் பழைய வேட்டியில் ஒரு உறை தைத்து வைத்திருந்தாள். ஆன் செய்யும் முன் உறையை முழுவதும் எடுத்துவிட வேண்டும், அணைத்த பிறகும் அரை மணி நேரம் ஆற விட்டுத்தான் போட வேண்டும் என்று மருமகனிடம் சொல்லிவிட்டு, ஆறிப்போன மீன் குழம்போடு சாப்பிட உட்கார்ந்தேன்.