பிள்ளைங்க எப்படி ‘சுதந்தரம்’ ஆவாங்க?

தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் கிறிஸ்தவ வீட்டு வளைகாப்பு பத்திரிகைய எடுத்துப் பாருங்க, பெரும்பாலும் மேல இந்த வசனம்தான் இருக்கும்: “இதோ, பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம், கர்ப்பத்தின் கனி அவரால் கிடைக்கும் பலன்.” பைபிள்ல சங்கீதம் 127:3. பிரஸ்காரரு எழுத்துப்பிழைன்னு நெனச்சு ‘சுதந்திரம்’னு திருத்தி அடிச்சுக் கொடுக்குறதும் உண்டு. உடனே யாராவது ஒரு மாமா, “புள்ள பொறந்தா இருக்குற சுதந்திரமும்ல போவும்”னு சிரிப்பாரு.

இங்க சுதந்தரம்னா விடுதலை இல்லங்க. பரம்பரையா வந்து சேர்ற சொத்து, பாத்தியதை, பங்கு. வடமொழில ஸ்வ, தந்த்ர ரெண்டும் சேர்ந்து ‘தன் வசம் இருக்குறது’ன்னு ஆச்சு, தன் வசம் இருந்தா அது உரிமை, உரிமைன்னா அப்பா வழி தாத்தா வழி வர்ற பாத்தியதைன்னு தமிழ்ல வந்து அர்த்தம் நீண்டுபோச்சு. ‘தரம்’னாலும் ‘திரம்’னாலும் ஒரே சொல்தான். பழைய மொழிபெயர்ப்புல விடுதலைங்கிற அர்த்தம் வர்ற எடத்துல ‘சுயாதீனம்’னு போட்டுருப்பாங்க, கலாத்தியர் 5:1ல “சுயாதீன நிலைமையிலே நிலைகொண்டிருங்கள்”னு வருது பாருங்க. அதனால அந்தக் காலத்து வாசகருக்கு இந்தக் கொழப்பமே வந்துருக்காது.

டெல்டாக்காரங்களுக்கு இந்தச் சொல் இன்னும் நெருக்கம். மிராசு காலத்துல களத்து மேட்டுல அளக்குற நெல்லுக்கே ‘சுதந்திரம்’னு பேரு. அறுத்து அடிச்சு தூத்தி நெல்லக் குமிச்சதும் ஊர்த் தலையாரி, வெட்டியான், கொல்லர், தச்சர், வண்ணார், நாவிதர்னு அவங்கவங்களுக்கு உள்ளத மரக்கால்ல அளந்து போடுவாங்க. அது பிச்சையும் இல்ல, அன்னன்னைக்கு பேசுற கூலியும் இல்ல, அப்பனுக்கு இருந்துச்சு அதனால மகனுக்கும் உண்டுங்கிற உரிமை. (அந்த மரக்கால் சாதி பார்த்துத்தான் அளந்துச்சு, அது வேற கதை, அத ரொம்ப ரொமான்டிக்கா பேசவும் வேண்டாம்.)

எபிரேயத்துல அந்த எடத்துல இருக்குற சொல் ‘நஹலா’. குடும்பத்துக்குன்னு பிரிச்சுக் கொடுத்த நெலத்துக்குச் சொல்ற வார்த்தை அது. நாபோத் கதை தெரியும்ல, ஆகாப் ராஜா உன் திராட்சத்தோட்டத்தக் கொடு, காசு தர்றேன், இல்லன்னா வேற நல்ல தோட்டம் தர்றேன்னு கேக்குறாரு, அந்தாளு “என் பிதாக்களின் சுதந்தரத்தை” கொடுக்க மாட்டேன்னு ஒரே புடியா நிக்கிறான், உயிரே போவுது. அங்கயும் அதே நஹலாதான். லேவியராகமம் 25:23ல இன்னும் ஒரு படி மேல போயி, நிலம் என்னுடையது, அறுதியா விக்காதீங்க, நீங்க என்கிட்ட “புறக்குடிகள்”னு கடவுளே சொல்றாரு. ஊர்லயே குடியிருந்து உழுவுறவன் உள்குடி, வெளியூர்லேர்ந்து வந்து உழுவுறவன் புறக்குடின்னு குத்தகைக் கணக்கு பார்த்த ஊருக்கு இத தனியா வெளக்கவே வேண்டாம். ஆக, கைல இருக்கும், பாடுபடணும், அனுபவிக்கலாம், ஆனா இஷ்டத்துக்கு கைமாத்த முடியாது. இந்தச் சொல்லத்தான் சங்கீதக்காரன் பிள்ளைங்க மேல வைக்கிறான்.

அதனாலதான் பிரசங்கத்துல ‘பிள்ளைங்க காட் கொடுத்த கிஃப்ட்’னு சொல்லும்போது எனக்குப் பாதிதான் ஒப்புது. கிஃப்ட்ட வாங்கினா அது என்னோடது, கொடுத்தவரு கேள்வி கேக்க முடியாது. நஹலா அப்படி இல்ல. என் புள்ள, நான் சொல்ற குரூப்தான் எடுக்கணும், நான் பார்க்குற எடத்துலதான் கட்டணும்னு குதிக்கிற அப்பாக்கள் இந்த வசனத்தையே ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டி வச்சிருக்காங்க, அதான் வேடிக்கை. அடுத்த வரில வர்ற ‘பலன்’ எபிரேயத்துல ‘சகார்’, நேர் அர்த்தம் கூலி. கூலியும் பரம்பரைப் பங்கும் ஒரே வசனத்துல வர்றதப் பார்த்தா எனக்கு அந்தக் களத்து நெல்லுதான் ஞாபகத்துக்கு வருது.

சரி, நல்ல தமிழ்ல எப்படிச் சொல்றது? கத்தோலிக்கத் திருவிவிலியம் “பிள்ளைகள் ஆண்டவர் அருளும் செல்வம், மக்கட்பேறு அவர் அளிக்கும் பரிசில்”னு போகுது. கேக்க எவ்ளோ அழகா இருக்கு, பரிசில்னா புலவனுக்கும் பாணனுக்கும் மன்னன் கொடுக்குறது, சோழநாட்டுச் சொல்லாவே தோணும். ஆனா ‘செல்வம்’ல அந்தப் பரம்பரை வாசனை போயிடுது. நெலம்னு வர்ற எடத்துக்கு ‘உரிமைச்சொத்து’ சரியா இருக்கும், பத்திர ஆபீஸ்ல சொல்ற பிதிரார்ஜிதமும் கிட்டத்தட்ட அதான். பிள்ளைங்களுக்குன்னா என் ஓட்டு ‘பேறு’க்கு. பெறுங்கிற வினைலேர்ந்து வந்தது, திருக்குறள்ல அதிகாரப் பேரே மக்கட்பேறு, பேறுகாலம்னு இன்னிக்கும் சொல்றோம். பெத்தவங்கன்னாலே ‘வாங்கிக்கிட்டவங்க’ன்னுதானே அர்த்தம். புள்ள பாக்கியம்னு சொல்றோமே, அந்த பாக்கியமும் ‘பாக’ங்கிற பங்குலேர்ந்து வந்ததுதான்.

இந்த வசனத்தால மனசு நோவுறவங்களும் இருக்காங்க. கல்யாணமாயி வருஷங்கள் ஓடிடுச்சு, புள்ள இல்ல, சபைல இத வாசிக்கும்போது தலைய குனிஞ்சுக்குறாங்க. வேளாங்கண்ணில உள்ளங்கை அளவு தொட்டில வாங்கிக் கட்டிட்டு நிக்கிற பொண்ணுங்க மொகத்தப் பார்த்தவங்களுக்குத் தெரியும், மாதாகிட்ட வேண்ட வர்றவங்கள்ல வேற மதத்துக்காரங்களும் நெறையப் பேரு. அவங்ககிட்ட போயி ‘பலன்’னு வெளக்கம் சொன்னா, அப்ப எனக்கு ஏன் பலன் இல்லன்னுதான கேப்பாங்க? சபை ஐயருங்க, அதான் பாதிரியாருங்க, கொஞ்சம் பார்த்துப் பேசலாம்.

புதிய ஏற்பாட்டுல இந்தச் சொல் வேற பக்கம் திரும்புது. ரோமர் 8:17ல “நாம் பிள்ளைகளானால் சுதந்தரருமாமே”ன்னு பவுல் எழுதுறாரு, சுதந்தரர்னா வாரிசு. அங்க பிள்ளைங்க சொத்து இல்ல, சொத்துக்கு உரியவங்க. அதுவும் பொறப்பால இல்ல, ரெண்டு வசனம் முன்னாடி ‘புத்திரசுவிகாரம்’னு ஒரு சொல் வருது, நம்ம பேச்சுல தத்து. தஞ்சாவூர்ல துளஜா ராஜா வாரிசு இல்லாம 1787ல சரபோஜிய சுவிகாரம் எடுத்து ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் பொறுப்புல விட்டாரே, அதே சுவிகாரம்தான், பின்னாடி அரியணை ஏறினதும் அந்தப் புள்ளதான்.