கட்டுப் பிரித்ததும் வேலைக்குப் போகலாமா?

"அதான் கட்டுப் பிரிச்சாச்சே சார், திங்கக்கிழமை வேலைக்குப் போயிரவா?"

காரைக்குடியில் இயன்முறை மருத்துவம் பார்க்கும் என்னிடம் இதைக் கேட்காதவர் குறைவு. அன்று கேட்டவர் ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது பூ வேலைப்பாடுள்ள தரைக்கல், செய்யும் அண்ணன். வலது மணிக்கட்டு முறிந்து 6 வாரம் மாவுக்கட்டில் இருந்த கை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருந்தது.

"கல்லை எப்படித் தூக்குவீங்கண்ணே, செஞ்சு காட்டுங்க" என்றேன். உள்ளங்கையை மல்லாத்தினார். பாதியில் நின்றுவிட்டது. மீதிக்குத் தோளைச் சாய்த்துப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

கண்ணாடிமேல் அச்சு வைத்துச் சாயம் ஊற்றி, சிமெண்டுக் கலவை போட்டு அழுத்தி, ஈரக் கல்லைக் கண்ணாடியோடு ஏந்திப் போய் வைக்க வேண்டும். நாள் முழுக்க. எலும்பு ஒட்டினாலும் இறுகிய மூட்டும் மெலிந்த தசையும் இதற்குத் தேற வேண்டாமா? பாரம் தூக்கும் வேலைக்கு 3 முதல் 6 மாதம்கூட ஆகலாம். கட்டுப் போட்ட அன்றே அவரிடம் இதை யாரும் சொல்லவில்லை. அதுதான் என் ஆதங்கம்.

பொறுத்திருங்கள் என்று சொல்லிவிடலாம்; கூலி யார் கொடுப்பது? இஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீடு இருந்தால் நோய்க்கால உதவியாக 70 சதவீதக் கூலி, வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். இவருக்கு அதுவும் இல்லை. பட்டறை முதலாளியிடம் பேசினோம். முதலில் சாயம் ஊற்றும் வேலை மட்டும். வீட்டில் தட்டில் மணல் போட்டு அரைக் கிலோவில் தொடங்கித் தூக்கிப் பழக வேண்டும். மறுநாள் காலையில் கை வீங்கியிருந்தால் பாரத்தைக் குறைக்க வேண்டும்.

பயந்துபோய் வருகிறவர்களும் உண்டு. கண்டாங்கி நெய்யும் அக்கா ஒருவர், கால் எலும்பு கூடிய பிறகும், "இனி தறி மிதிக்க முடியாது தம்பி" என்று பயிற்சியையே விட்டிருந்தார். தேறுவோம் என்று நம்புகிறவர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்புவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. தினம் அரை மணி நேரம் மட்டும் தறியில் உட்காரச் சொன்னேன்.

டாக்டரை முதல்முறை பார்க்கும்போதே உங்கள் வேலை என்ன, எந்தக் கை, எவ்வளவு பாரம் என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். நடந்து வர முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள். ஊர்ச் செவிலியரிடம் கேளுங்கள்.

அண்ணன் இப்போது 2 கிலோ மணல் தூக்குகிறார். உள்ளங்கை முக்கால்வாசி மல்லாருகிறது. ஈரக் கல்லை இன்னும் பக்கத்து ஆள்தான் தூக்கி வைக்கிறார்.